ஏலத்துக்கு அப்பால்: கல்லூரிக் கபடி வீரரின் எதிர்காலம் பற்றி

பாலசமுத்திரம் போன்ற சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சிற்றூர்களில் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ் பேசும் வீட்டில் அது சடுகுடு. தெலுங்கு பேசும் வீட்டில் செடுகுடு. ஓர் எழுத்தின் வேறுபாட்டில் இரண்டு மொழிகளும் பிரிந்து நிற்க, ஆடும் மண் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. மாநில எல்லைக்கோடு இவ்வட்டாரத்தில் இடம் மாறியதும் உண்டு. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருத்தணி 1960இல்தான் தமிழகத்துக்கு வந்தது. சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதி 2022இல் திருப்பதி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் மாறினாலும் பொங்கல், சங்கராந்தி நாள்களில் நடக்கும் கபடிப் போட்டிகளுக்கு இருபுறத்து இளைஞர்களும் போய்வருவது மாறவில்லை.

2025 ஆகஸ்ட் 29 அன்று விசாகப்பட்டினத்தில் புரோ கபடி லீகின் 12ஆவது பருவம் தொடங்கியபோது, முதல் ஆட்டத்தில் மோதியவை தெலுங்கு டைட்டன்ஸும் தமிழ்த் தலைவாஸும். எல்லையோரத்து இளைஞர் ஒருவர் இவ்விரு அணிகளில் எதற்குக் கைதட்டுவது என்பது சுவையான கேள்வி. அதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. அவரே கல்லூரி அணியின் முதன்மை ரெய்டர் என்றால், அந்த விரிப்பில் அவருக்கு இடம் உண்டா? இடம் கிடைத்தால் எத்தனை ஆண்டுகளுக்கு? அதன் பிறகு என்ன?

இக்கேள்வி பெரும்பாலும் முதல் பகுதியோடு நின்றுவிடுகிறது. உடற்கல்வி ஆசிரியரும் பெற்றோரும் நண்பர்களும் கேட்பது, "எடுப்பார்களா, மாட்டார்களா?" என்பதைத்தான். தொழில்முறை விளையாட்டில் ஒரு மாணவரின் வாய்ப்பைக் கணிக்கும் கலையை உலகிலேயே மிக விரிவாக வளர்த்த நாடு அமெரிக்கா. அங்குக் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்னும் ஆட்டக்காரர் அணியின் மூளையும் கையுமாக இருப்பவர். அவருடைய உயரம், உள்ளங்கையின் அகலம், ஓட்ட வேகம், ஒவ்வோர் ஆட்டத்தின் ஒவ்வோர் எறிதலும் அளக்கப்படுகின்றன. அளந்த பின்னும் கணிப்பு தவறுகிறது. 2000ஆம் ஆண்டுத் தேர்வில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு முறை சூப்பர் பவுல் வென்றார். 2022இல் 262ஆவதாக, அதாவது கடைசி ஆளாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி இரண்டே பருவங்களில் தம் அணியை இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். முதல் சுற்றிலேயே எடுக்கப்படுவார் என்று பலரும் எதிர்பார்த்த கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஷெடூர் சாண்டர்ஸ், 2025இல் ஐந்தாம் சுற்றில் 144ஆவதாகத்தான் அழைக்கப்பட்டார்.

இத்தனை கருவிகள் இருந்தும் அமெரிக்காவில் தடுமாறும் கணிப்பை, ஓர் ஆசிரியரின் பார்வையையும் இரண்டு போட்டிக் காணொளிகளையும் நம்பி இங்கே செய்ய முற்படுவது வீண். ஆகவே 'எடுப்பார்களா' என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த இளைஞர் எங்கே நிற்பார் என்று கேட்பதே அறிவுடைமை. பல்கலைக்கழகங்கள் பொறுப்பேற்கக்கூடியதும் இக்கேள்விக்குத்தான்.

குவார்ட்டர்பேக்குக்கும் ரெய்டருக்கும் ஒப்புமை உண்டு. இருவர்மீதும் மொத்த அரங்கின் கண்ணும் பதிகிறது. இருவருக்கும் ஒரு முடிவை எடுக்கக் கிடைப்பது சில நொடிகள். முப்பது நொடிக்குள் மூச்சு விடாமல் பாடிச் சென்று, எதிரணியின் ஏழு பேருக்கு நடுவே தொட்டு மீளும் ரெய்டருக்கு அணியின் நட்சத்திர மதிப்பும், ஏலத்தில் உயர்ந்த விலையும் போய்ச் சேர்வது இயல்பு. ஆனால் இருவரும் அவ்விடத்தை அடையும் பாதை முற்றிலும் வேறு. அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீகில் சேர ஒருவர் பள்ளிப்படிப்பை முடித்து மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். இந்த ஒரு விதியினால் கல்லூரி அங்கே தவிர்க்க முடியாத படிக்கட்டாகிவிட்டது. அப்படிக்கட்டில் ஏறுவோரில் தொழில்முறை அணியை எட்டுவோர் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. நெடுங்காலம் கல்லூரிகள் மாணவரின் ஆட்டத்தால் பெரும்பணம் ஈட்டிக்கொண்டு மாணவருக்குக் கல்விக் கட்டணத்தை மட்டும் தந்துவந்தன. 2021 ஜூலையில்தான் மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு வருவாய் ஈட்டலாம் என்ற நிலை வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை தன் விளையாட்டு மாணவருக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்க முடிகிறது.

இந்தியக் கபடியில் கல்லூரி அத்தகைய படிக்கட்டு அன்று. அது பக்கவாட்டில் இருக்கும் ஒரு திண்ணை. ஊர்ப் போட்டிகளிலும், தனியார் பயிற்சிக்கூடங்களிலும், 2017 முதல் நடந்துவரும் இளம் வீரர் தேர்வு முகாம்களிலும், 2022இல் தொடங்கிய யுவா கபடி சீரிஸிலும் கண்டெடுக்கப்படும் வீரருக்குக் கல்லூரிச் சேர்க்கை ஒரு முகவரி மட்டுமே. அவர் பல்கலைக்கழக அணிக்காகப் பதக்கம் வெல்ல வேண்டும் என்பதற்காகக் கட்டணச் சலுகையோடு சேர்க்கப்படுகிறார். அணிக்கு அழைப்பு வந்ததும் வகுப்பிலிருந்து மறைகிறார். 'புதிய இளம் வீரர்' என்ற பிரிவில் பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே ஒப்பந்தம் செய்ய லீகின் விதிகள் இடம் தருகின்றன. அந்த வயது பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளோடு சரியாக மோதுகிறது.

இனி, அந்த விரிப்பில் எத்தனை இடங்கள் உள்ளன என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். லீகில் 12 அணிகள். ஓர் அணியில் குறைந்தது 18 பேர், கூடினால் 25 பேர். ஆக, நாடு முழுமைக்கும் 216 முதல் 300 இடங்கள். அவற்றிலும் சில ஈரான் முதலிய நாடுகளின் வீரர்க்கு. ஓர் அணி வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய தொகை 5 கோடி ரூபாய். பன்னிரண்டு அணிக்கும் சேர்த்து 60 கோடி. இதை 300 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 20 லட்சம். கேட்பதற்கு நல்ல வருவாய்தான். ஆனால் ஏலம் சமமாகப் பங்கிடுவதில்லை. 2023இல் பவன் செராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தபோது, ஒரே வீரருக்கு அணியின் மொத்தத் தொகையில் பாதிக்கும் மேல் போயிற்று. எஞ்சிய 2.395 கோடியில் இன்னும் பதினேழு பேரையாவது நிரப்பியாக வேண்டும் என்றால், சராசரி 14 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. ஏலத்தின் கடைசிப் பிரிவில் அடிப்படை விலை 9 லட்சம். அதுவும் ஏலப் பட்டியலுக்கு வந்து, யாரேனும் ஒருவர் பலகையை உயர்த்தினால்தான்.

2014இல் முதல் ஏலத்தில் மிக உயர்ந்த விலை ராகேஷ் குமாருக்குக் கிடைத்த 12.8 லட்சம். ஒன்பது ஆண்டுகளில் உச்சவிலை இருபது மடங்காகியிருக்கிறது. நாளேட்டுத் தலைப்புகள் இந்த இருபது மடங்கையே பேசுகின்றன. பட்டியலின் அடியில் இருப்பவரின் நிலையும் இருபது மடங்கு உயர்ந்ததா என்று அத்தலைப்புகள் கேட்பதில்லை. இன்றைய அடிப்படை விலை 2014ஆம் ஆண்டின் உச்சவிலையைக்கூட எட்டவில்லை என்பதை இவ்விரு எண்களை அருகருகே வைத்தாலே காணலாம்.

உச்சியில் இருப்பவரின் நிலையும் நிலையானதன்று. பர்தீப் நர்வாலின் கதை இதற்குப் போதிய சான்று. லீகின் வரலாற்றிலேயே மிகுதியான ரெய்டுப் புள்ளிகளைக் குவித்தவர் அவர். 2021இல் அவருடைய விலை 1.65 கோடி. அடுத்த ஆண்டே அது 90 லட்சமாயிற்று. 2024இல் 70 லட்சம். 2025 ஏலத்தில் அவரை எடுக்க எவரும் முன்வரவில்லை. அவர் ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 28. ஒரு பேராசிரியர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்து வேலை தேடத் தொடங்கும் வயது அது. அந்த வயதில் இத்துறையின் தலைசிறந்தவரே சந்தையிலிருந்து வெளியேறுகிறார் என்றால், நடுத்தர ஆட்டக்காரரின் தொழில் ஆயுளை ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் மதிப்பிடுவது துணிச்சலே.

காயம் மற்றொரு கணக்கு. 2022இல் 2.26 கோடிக்குத் தமிழ்த் தலைவாஸ் அணிக்கு வந்த பவன் செராவத், அவ்வணிக்காக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயமுற்று அப்பருவம் முழுவதையும் இழந்தார். அவர் மீண்டு வந்தார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைமையேற்றுத் தங்கம் வென்றார். மேலே சொன்ன 2.605 கோடி அதற்குப் பின் வந்ததே. மீள்வதற்கு அவருக்குப் பெயரும், மருத்துவமும், ரயில்வேப் பணியும் துணை நின்றன. அதே காயம் பாலசமுத்திரத்துக் கல்லூரி மாணவருக்குப் பல்கலைக்கழகப் போட்டி ஒன்றில் நேர்ந்தால் என்ன ஆகும்? அறுவைச் சிகிச்சைக்கான செலவு குடும்பத்தின் தலையில் விழும். ஓராண்டு ஓய்வு விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த சேர்க்கையையே அசைக்கும். தசைநார் இருவருக்கும் ஒன்றே. அதைச் சுற்றியுள்ள பாதுகாப்புதான் வேறு.

2020ஆம் ஆண்டையும் நினைவிற்கொள்ள வேண்டும். கொரோனாவால் அந்த ஆண்டு லீக் நடக்கவே இல்லை. அடுத்த பருவம் 2021 டிசம்பரில்தான் தொடங்கிற்று. லீகை மட்டுமே நம்பியிருந்த வீரருக்கு அவ்விடைவெளியில் ஏலமும் இல்லை, ஊதியமும் இல்லை. மாதச் சம்பளம் வரும் வேலையில் இருந்தவர் தப்பினார்.

இங்கேதான் இந்தியக் கபடியின் உண்மையான தொழில்முறை எது என்பது வெளிப்படுகிறது. பார்வைக்கு அது லீக். வாழ்க்கைக்கு அது அரசுப் பணி. தமிழ்த் தலைவாஸ் அணியின் முதல் தலைவர் அஜய் தாக்கூர் இமாச்சலக் காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளர். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனூப் குமார் அரியானாக் காவல்துறை அலுவலர். லீகுக்கு முந்திய தலைமுறையிலும் இதே நிலைதான். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்து, 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்ற தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசனைத் தாங்கியது மின்வாரியப் பணி. அவர் வாழ்வைத் தழுவி 2025இல் வெளிவந்த 'பைசன்' திரைப்படத்தைக் கண்டோர் பலர் அவருடைய ஆட்டத்தை வியந்தனர். அந்த ஆட்டத்தை வாழ்நாள் முழுதும் தாங்கிய மாதச் சம்பளத்தை வியந்தோர் சிலரே.

அரசுப் பணிக்கான சாவி சான்றிதழில் இருக்கிறது. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் நான்கு வகைப் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியோர்க்கு முதலாவது. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியோர்க்கு இரண்டாவது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியோர்க்கு மூன்றாவது. தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடியோர்க்கு நான்காவது. ஆக, கல்லூரி தரக்கூடிய உறுதியான பொருள் ஒன்று உண்டு. அது மூன்றாம் படிவம். லீக் எவ்வளவு பணம் தந்தாலும் இப்படிவத்தைத் தராது. பத்தொன்பது வயதில் ஓர் அணியின் மாற்று ஆட்டக்காரர் இருக்கைக்காகப் பல்கலைக்கழகப் போட்டியைத் தவறவிடும் இளைஞர், இரண்டு மாதப் பருவத்துக்காக நாற்பதாண்டுப் பணிக்கான ஒரு தகுதியைக் கைவிடுகிறார் என்பதை அவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியவர் யார்? அவருக்கு அதைச் சொல்ல முகவர் இல்லை, வழக்குரைஞர் இல்லை. இருப்பது கல்லூரி ஒன்றே.

எல்லையோர மாணவருக்கு இச்சிக்கல் இருமடங்கு. மாநில அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீடு அந்தந்த மாநிலத்தவரையும், அம்மாநில அணிக்காக ஆடியவரையும் மனத்தில் கொண்டு வகுக்கப்படுவது. தமிழகம் 3 விழுக்காடு ஒதுக்குகிறது. ஆந்திரமும் தன் புதிய விளையாட்டுக் கொள்கையின் வழியே 2 விழுக்காட்டை 3 ஆக உயர்த்தியிருக்கிறது. வீடு ஆந்திரத்தில், வீட்டுமொழி தமிழ், கல்லூரி வேலூரில் என்றால் அந்த மாணவர் எந்த மாநிலச் சங்கத்தில் பெயரைப் பதிவது? தமிழகக் கல்லூரிக்காகப் பல பதக்கங்கள் வென்றும், இருப்பிடச் சான்றினால் தமிழகப் பணிக்கு வெளியாராகவும், ஆந்திர மாநில அணியில் ஆடாததால் அங்கே அறியப்படாதவராகவும் ஆகும் வாய்ப்பு மெய்யானது. திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எல்லையோரத்து விளையாட்டு மாணவர்க்குச் சேர்க்கையின்போதே இதைத் தெளிவுபடுத்துவது இவ்வட்டாரப் பல்கலைக்கழகங்களின் முதற்கடமை. ஒரு பக்க அறிவிப்பு போதும். செலவு ஏதும் இல்லை.

அடுத்த குறை, நடுப்படி இல்லாமை. கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் இது விளங்கும். ஐ.பி.எல். ஏலத்தில் எடுபடாத ஒருவர் ரஞ்சிக் கோப்பையில் ஆடினால், அனுபவத்துக்கு ஏற்ப நாளொன்றுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரை ஊதியம் பெறுகிறார். மாநில அளவில் தமிழ்நாடு பிரீமியர் லீக் போன்ற மேடைகள் உண்டு. உச்சிக்கும் தரைக்கும் நடுவே நிற்க இடம் இருக்கிறது. கபடியிலோ லீகிலிருந்து விழுபவர் நேரே ஊர்ப் போட்டியின் பரிசுத்தொகைக்குத்தான் வந்து விழுகிறார். தேசியக் கபடிப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடுவது பெருமை, சான்றிதழ், வாழ்க்கைப்பாடு அன்று. ஒரு தொழில் எத்தனை பேரை உச்சிக்குக் கொண்டுசென்றது என்பதைவிட, உச்சியை எட்டாதவரை எங்கே நிறுத்திவைத்தது என்பதே அதன் தரத்தைக் காட்டும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிடக் கூடாது. லீக் வருவதற்கு முன் கபடி வீரரை யார் அறிந்தார்? மண் தரையில் ஆடி, பேருந்துக் கட்டணத்துக்குக் கைமாற்று வாங்கிய தலைமுறைக்கு, 2014க்குப் பின் வந்த தொலைக்காட்சி வெளிச்சம் பெரும் மாற்றம். உழவர் வீட்டுப் பிள்ளைகளும் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசாமல், பெருநகரச் சங்கங்களின் தயவில்லாமல், உடலாற்றல் ஒன்றால் லட்சங்களைத் தொட்டார்கள். தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் நாற்பதைக் கடந்த வயதில் 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றதை லீக் இல்லாவிட்டால் நாடு கண்டிருக்காது. 'முதலில் படி, பிறகு ஆடு' என்னும் அறிவுரை, படித்தவருக்கு வேலை காத்திருக்கும் குடும்பங்களிலிருந்து எழுவது. இளங்கலைப் பட்டம் பெற்றும் வேலையின்றி இருக்கும் அண்ணனை வீட்டில் காணும் தம்பிக்கு, 9 லட்சம் ரூபாய் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு வகுப்புக்குப் போ என்று சொல்வது எளிதன்று, நியாயமும் அன்று.

இவ்வாதத்தின் பெரும்பகுதி உண்மையே. ஆகவேதான் தீர்வை மாணவரின் தியாகத்தில் தேடாமல் நிறுவனங்களின் விதிகளில் தேட வேண்டியிருக்கிறது. அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நிலையை உண்டாக்கியது விளையாட்டு அன்று. வருகைப் பதிவேடும் தேர்வு அட்டவணையும்தான். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மாணவர் படிப்பின் நடுவே வெளியேறி மீண்டும் சேரும் முறையைப் பேசுகிறது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்வி மதிப்பெண் வங்கிக்கான விதிகளை வெளியிட்டது. அக்கொள்கையின் பிற பகுதிகள் குறித்து மாநிலங்களுக்கிடையே கடும் கருத்து வேறுபாடு உண்டு. இந்த ஒரு வழிமுறையை மட்டும் எடுத்துக்கொண்டாலே விளையாட்டு மாணவர்க்குப் பெரும்பயன் விளையும். லீக் நடக்கும் பருவத்தில் ஓய்வு, மற்றப் பருவத்தில் படிப்பு என்று மூன்றாண்டுப் பட்டத்தை ஐந்தாண்டுகளில் முடிக்க அவருக்கு வழிவிட்டால் எந்தப் பல்கலைக்கழகத்தின் தரமும் குறைந்துவிடாது. இன்று நடப்பதோ வேறு. வீரருக்கு வருகைப் பதிவு தாராளமாக இடப்படுகிறது. கற்றல் மட்டும் இடப்படுவதில்லை. பட்டம் கிடைக்கிறது, படிப்பு கிடைப்பதில்லை. இதைச் சலுகை என்று அழைப்பது மாணவருக்குச் செய்யும் வஞ்சனை.

இரண்டாவது, பயிற்சிக்கான ஈடு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2001 முதல் ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறது. ஒரு வீரர் விலைக்கு அணி மாறும்போது, அத்தொகையில் 5 விழுக்காடு, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த சங்கங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. உலகின் பெருஞ்சந்தையில் விலைபோகும் வீரருக்காக ஏதோ ஒரு சிற்றூர்ச் சங்கத்துக்கும் காசு வந்து சேர்கிறது. அதில் அடுத்த சிறுவர்க்குக் காலணி வாங்கப்படுகிறது. கபடியிலும் இத்தகைய பகிர்வு வேண்டும். 60 கோடியில் 5 விழுக்காடு 3 கோடி. வீரரின் ஊதியத்திலிருந்து பிடிக்காமல் அணி உரிமையாளர்களே கூடுதலாகத் தரும் அத்தொகை, வீரர்களை உருவாக்கிய ஊர்க் கழகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும் ஆண்டுதோறும் போய்ச் சேர்ந்தால், மண்ணில் ஆடிப் பழகி விரிப்பில் வழுக்கி விழும் மாணவர் எத்தனை பேருக்கு முறையான ஆடுகளம் அமையும்! கல்லூரிக்கு நிதி வந்தால் கல்லூரிக்குப் பொறுப்பும் வரும். வீரரின் காயத்துக்கான காப்பீட்டை அந்நிதியிலிருந்தே கேட்க முடியும்.

மூன்றாவது, மகளிர். இதுவரை சொன்ன வாய்ப்பும் இடரும் ஆண்களுக்கு உரியவை. கல்லூரி அணியின் முதன்மை ரெய்டர் ஒரு பெண் என்றால், அவருக்குப் புரோ கபடி லீகில் ஏலமே இல்லை. 2016இல் மூன்று அணிகளோடு மகளிர் கபடிச் சவால் என்ற சிறு போட்டி நடந்தது. அது முழு லீகாக வளரவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்று சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா திரும்பியபோது தமிழகம் கொண்டாடியது, அரசு பரிசளித்தது. மறுமாதமே டாக்காவில் இந்திய மகளிர் உலகக் கோப்பையை வென்றனர். இத்தனைக்குப் பிறகும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கபடி தரக்கூடிய தொழில் என்னவென்றால், மூன்றாம் படிவமும் அதன்வழி வரக்கூடிய ஓர் அரசுப் பணியுமே. ஆண்களின் சந்தையில் விழுந்தவர் நிலையைப் பேசும்போது, அச்சந்தையின் வாசலே திறக்கப்படாதவரை மறப்பது அறமாகாது.

ஓர் ஐயம் எழலாம். பல்லாயிரம் மாணவருள் முந்நூறு பேருக்கு மட்டுமே இடம் உள்ள ஒரு துறையைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா? முந்நூறு பேர் பொருட்டு எழுந்த பேச்சு அன்று இது. அந்த முந்நூறில் ஒருவராகிவிடலாம் என்ற நம்பிக்கையில் பதினைந்து வயது முதல் இருபத்துமூன்று வயது வரை தம் காலை வேளைகளை எல்லாம் ஆடுகளத்தில் செலவிட்டு, இறுதியில் எடுக்கப்படாமல் போகும் ஆயிரக்கணக்கானோர் பொருட்டு எழுந்தது. அவர்கள் தோற்றவர்கள் அல்லர். அவர்களோடு மோதிப் பழகாவிட்டால் அந்த முந்நூறு பேர் உருவாகியிருக்கவே முடியாது. ஒரு லீகின் செழிப்பில் பங்கு பெறாமல் அச்செழிப்புக்கு உழைத்தவர்கள் அவர்கள்.

பாலசமுத்திரத்து மாணவருக்குத் திரும்பலாம். அவர் எடுக்கப்படுவாரா என்பதை எவராலும் சொல்ல முடியாது. 199ஆவது ஆளைப் பற்றிய கணிப்பு பொய்த்தது போல அவரைப் பற்றிய கணிப்பும் எப்பக்கமும் பொய்க்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. இருபத்தெட்டு வயதுக்குள் அவர் ஆட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும். அன்று அவர் கையில் ஒரு பட்டம் இருக்குமா, அந்தப் பட்டத்துக்குப் பின்னால் படிப்பு இருக்குமா, தவறவிடாத ஒரு சான்றிதழ் இருக்குமா, சரியாக ஆறிய முழங்கால் இருக்குமா என்பவை ஏலக்கூடத்தில் முடிவாவன அல்ல. துறைத்தலைவரின் அறையிலும், உடற்கல்வி இயக்குநரின் மேசையிலும், பல்கலைக்கழகக் கல்விக்குழுவின் கூட்டத்திலும் முடிவாகின்றவை. ரெய்டுக்குப் போகிறவருக்குப் பாடிச் செல்லும் துணிவைவிட, நடுக்கோட்டுக்கு மீண்டு வரும் வழி தெரிந்திருக்க வேண்டும் என்பது சடுகுடுவின் முதற்பாடம். அந்த வழியைத் திறந்துவைக்கும் வேலை கல்லூரிகளுடையது.